‘உது’ எனப் பார்த்தல்: ஆண்டர்சன்பேட்டை ஒளிப்படங்கள்

கோலார் தங்கவயலைப் பற்றி வெளியூரார் எடுத்த ஒளிப்படங்களை ஒருசேரப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். துருவேறிய சுரங்கக் கோபுரம், கூரையிழந்த கட்டடம், வெண்சாம்பல் நிறச் சயனைடு மேடு, அதன்மேல் கனத்த வானம். மனிதர் பெரும்பாலும் இருக்கமாட்டார். இருந்தாலும் மேட்டின் உயரத்தை உணர்த்தும் அளவுகோலாக, ஒரு புள்ளியாய் நிற்பார். ஆண்டர்சன்பேட்டையில் வாழ்வோர் தம் கைபேசியில் எடுக்கும் படங்களிலும் இம்மேடுகள் உண்டு. ஆனால் அவற்றின் முன்னே துணி காயும் கொடி, மின்கம்பி, தண்ணீர்க் குடம், பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை என ஏதேனும் குறுக்கே நிற்கும். பயிற்சி பெற்ற கண் இவற்றைப் பிழையென்று குறித்துவிடும்: கம்பியைத் தவிர்த்திருக்கலாம், அடிவானம் சாய்ந்திருக்கிறது, முன்புறத்தில் நெரிசல் மிகுதி. பயிற்சியில்லாத அன்பரோ ‘அருமை’ என்று சொல்லி அடுத்த படத்துக்கு நகர்வார். எடுத்தவர் என்ன பார்த்தார் என்ற கேள்வி இரண்டு மறுமொழிகளிலும் எழுவதில்லை.

அந்த மேடு எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்கலாம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு சுரங்கப் பொறுப்பை ஏற்றது. அன்றைய வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பாலோர் தலித் மக்கள், பாறையை உடைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. மேலே வந்த பாறை மாவாக அரைக்கப்பட்டு, சயனைடு கரைசலில் தங்கம் பிரிக்கப்பட்டது. எஞ்சிய குழம்பு கொட்டப்பட்டு உலர்ந்து, 13 மேடுகளாய் நிற்கிறது. 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஆகவே வெளியூராருக்கு விந்தையான நிலக்காட்சியாகத் தோன்றுவது, அவ்வூராருக்குப் பாட்டன் காலத்து உழைப்பின் எச்சம். கோடைக்காற்றில் அதே மேடு தூசியாய்ச் சமையலறைக்குள்ளும் வரும்.

இந்த வேறுபாடு படத்தின் அமைப்பிலேயே பதிகிறது. தொலைவில் நின்று டெலி லென்ஸால் எடுப்பவரின் படத்தில் முன்னுள்ள வீட்டுக்கும் பின்னுள்ள மேட்டுக்கும் இடைப்பட்ட வெளி சுருங்கிவிடும். மேடு வீடுகளை விழுங்க வருவதுபோல் எழும். கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. வீட்டு வாசலில் நின்று அதைக் கொண்டு எடுத்தால் மூன்றடி தொலைவிலுள்ள கொடி பெரிதாகும். மேடு தாழ்ந்து பின்வாங்கும். இரண்டும் பொய்யல்ல. ஒன்று மேட்டைத் தேடிப் பயணம் வந்தவரின் தொலைவைக் காட்டுகிறது. மற்றொன்று மேட்டின் அடியில் துணி உலர்த்துபவரின் தொலைவைக் காட்டுகிறது. குறுக்கே நிற்கும் கொடியை அகற்றச் சொல்வது, எடுத்தவரைத் தம் வாசலை விட்டு எழுந்து போகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

படத்தின் உணர்வைச் சொல்வதில் இன்னும் கூடுதலான நிதானம் தேவைப்படுகிறது. தானியங்கி ஒளியளவி, கண்முன் உள்ள காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலும். பனியையோ வெண்மணலையோ படமெடுத்தவர்கள் இதை அறிவார்கள். வெயிலில் வெளுத்த சயனைடு மேடு சட்டகத்தை நிறைக்கும்போது படம் மங்கிச் சாம்பலாகும். முன்னே நிற்பவரின் முகம் இருளும். சுரங்கம் மூடப்பட்ட கதையை முன்பே அறிந்த பார்வையாளர் இந்த இருளைத் துயரம் என்று வாசிக்கிறார். அது கருவியின் கணக்காகவும் இருக்கலாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினைக் கூறுகிறது. தங்கவயல் படங்களுக்கு மட்டும் அழுகை ஒன்றே போதுமென்று முடிவாகிவிட்டதுபோல் தெரிகிறது. வேலையிழப்பின் துயரம் மெய்யானது. ஆயினும் விடியலில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க மாரிக்குப்பம் நிலையத்தில் நிற்கும் இளைஞர்கள் தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட படத்தில் நகையும் பெருமிதமும் இருக்கக் கூடும். படத்தில் தெரியும் உணர்வையும் பார்ப்பவர் உடன்கொண்டு வந்த உணர்வையும் பிரித்தறிவது வாசிப்பின் முதற்கடமை.

ரோலாண் பார்த் 1980இல் வெளியிட்ட ஒளிப்படம் குறித்த நூலில், தம் தாயின் குழந்தைப்பருவப் படம் ஒன்றைப் பற்றி விரிவாக எழுதினார். ஆனால் அந்தப் படத்தை நூலில் அச்சிடவில்லை. தமக்கு உயிரான அது பிறருக்கு வெறும் படமாகவே இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். எளியவர் எடுக்கும் படங்கள் அனைத்துக்கும் இந்த எல்லை உண்டு. எடுத்தவருக்கும் படத்துக்கும் உள்ள உறவைப் பார்ப்பவர் முழுமையாகப் பெற முடியாது. எனினும் அப்படி ஓர் உறவு இருக்கிறது என்பதை மதித்துப் பேச முடியும்.

அந்த மதிப்புக்கு மொழியிலேயே ஒரு சொல் இருக்கிறது. தொல்காப்பியம் அ, இ, உ என மூன்று சுட்டெழுத்துகளைக் கூறுகிறது. தமிழகப் பேச்சில் அதுவும் இதுவும் நிலைக்க, உகரச் சுட்டு வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத் தமிழில் அது இன்றும் வாழ்கிறது. கேட்பவரின் அருகில் உள்ளதை அங்கே ‘உது’ என்பர். வெளியூராரின் படம் மேட்டை ‘அது’ என்கிறது. வாசலில் எடுத்த படம் ‘இது’ என்கிறது. பார்த்து மறுமொழி சொல்பவர் அந்த மேட்டைத் தமதாக்கி ‘இது’ எனவும் முடியாது; தொலைவில் தள்ளி ‘அது’ எனவும் தேவையில்லை. ‘உது, உம்மருகில் இருப்பது’ என்று பேசும் நிலையே அவருக்கு உரியது.

இது வெறும் சுவை பற்றிய விவாதம் அன்று. 2024 ஜூனில், இம்மேடுகளை ஏலத்துக்கு விட்டு எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேடுகளைத் தோண்டினால் தூசி எங்கே போகும், வேலை யாருக்குக் கிடைக்கும் என்ற கேள்விகள் எழும்போது, ஆளற்ற பாழ்நிலமாகவே படங்களில் பழகிவிட்ட ஓர் ஊரில் கேட்பதற்கு யாரும் இல்லை என்ற எண்ணம் எளிதில் உருவாகும். கொடியும் குடமும் குறுக்கே நிற்கும் படங்கள் அந்த எண்ணத்துக்கு எதிரான சான்றுகள்.

எனவே இத்தகைய படம் ஒன்று கைக்கு வரும்போது, தீர்ப்புக்கு முன் விவரிப்பு வரட்டும். கண்ணில் பட்டதை எண்ணிச் சொல்லலாம்: ‘கொடியில் மூன்று நீலச் சட்டைகள் காய்கின்றன. மேடு அவற்றின் தோளளவே தெரிகிறது. காற்று வலமிருந்து வீசுகிறது போலும், சட்டைகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. வாசற்படியில் நின்றா எடுத்தீர்கள்?’ இதற்கு எடுத்தவர் சொல்லும் விடையில், சட்டைகள் யாருடையவை, அவர் எந்தப் பள்ளிக்குப் போகிறார், தூசி வீசும் நாளில் துணியை எங்கே காயவைப்பார்கள் என்பவையெல்லாம் வரக்கூடும்.