ஆயிரம் மணி நேரம்

அரிப்பு என்றதும் மழையில் நனைந்து துருவேறிய இரும்பே நம் மனக்கண்முன் தோன்றும். கலைப்பீட மாணவனாகிய நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். செந்தணலாய்க் காயும் கலனுக்குள்ளும் உலோகம் அரிக்கப்படும் என்பதைப் பொறியியற்பீட நண்பரொருவரே எனக்கு விளக்கினார்.

நிலக்கரியைக் கொதிநீராவியுடனும் மட்டான அளவு ஒட்சிசனுடனும் உயர் வெப்பநிலையில் தாக்கமுறச் செய்தால், காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த எரிவாயு கிடைக்கின்றது. கரியிலுள்ள கந்தகமோ பெரும்பாலும் ஐதரசன் சல்பைட்டாகின்றது. கறையில் உருக்கைக் காப்பது, அதிலுள்ள குரோமியம் ஒட்சிசனுடன் சேர்ந்து மேற்பரப்பில் அமைக்கும் மெல்லிய படலமே. வாயுவாக்கக் கலனில் ஒட்சிசன் அரிது, கந்தகம் தாராளம். எனவே படலம் தளர்ந்தவிடத்தில் சல்பைட்டுக்கள் விரைந்து வளர்கின்றன. தூய நிக்கல் 1,455 பாகை செல்சியசில் உருகும். தன் சல்பைட்டுடன் கலந்தால் ஏறக்குறைய 640 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, அமெரிக்காவில் இத்தகைய உலோகச் சோதனைகள் முனைப்புடன் நடைபெற்றன. உலோகத் துண்டுகளை நிறுத்து, அவ்வாயுக் கலவை ஓடும் உலையில் வைத்து, பின்னர் எடுத்து மீண்டும் நிறுப்பர். ஆயினும் தராசை மட்டும் நம்புதல் இயலாது. படலம் உதிர்ந்தால் எடை குறையும்; கந்தகம் உட்புகுந்தால் எடை கூடும்; இரண்டும் ஈடுபட்டு, கேடே இல்லாததுபோலவும் காட்டும். ஆதலால் துண்டைக் குறுக்கே வெட்டி, நுணுக்குக்காட்டியால் உள்ளே நோக்குவர்.

என்னைச் சிந்திக்கவைத்தது வேறொன்று. நூறு மணி நேரம் பழுதின்றி நின்ற கலப்புலோகம், ஆயிரம் மணி நேரம் நிறைவதற்குள் திடீரெனச் சிதையலாமாம். ஆயிரம் மணி நேரம் என்பது ஏறத்தாழ ஆறு வாரம். கலனோ ஆண்டுக்கணக்கில் உழைக்கவேண்டியது. பொறுமையிழந்து முன்னரே நற்சான்று வழங்கினால், அதன் விலையைக் கொடுப்பவர் சோதித்தவர் அல்லர். கலனருகே நிற்கும் தொழிலாளியே. காபனோரொட்சைட்டு நிறமும் மணமுமற்ற நஞ்சு.

முதல் வாசிப்பிலேயே ஒரு நூலுக்குத் தீர்ப்பு எழுதியவன் நான். முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு, பின்னர் சான்று தேடியதும் உண்டு. அந்த அவசரத்தால் ஓர் உயிரும் போகவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால், நாளை நாம் ஆசிரியராகவும் அதிகாரியாகவும் அமர்ந்து மனிதரை மதிப்பிடப் போகின்றவர்கள். அப்பொழுதும் நூறு மணி நேரத்தோடு உலையைத் திறந்துவிடுவோமா?