அளவுநாடா சொல்லாத சேதி

இண்டியானாபொலிஸ்



பிப்ரவரி கடைசியில் எங்கள் ஊர் ஓட்டல்களில் அறை கிடைப்பது கஷ்டம். லிஃப்டுக்குள் ஒருவர் நுழைந்தால் மற்றவர்கள் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருக்கலாம். அப்படி ஒரு ஆகிருதி! கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடி முடித்த 300க்கும் மேற்பட்ட இளைஞர்கள் 'கம்பைன்' என்ற சோதனைக்கு வந்து இறங்கும் காலம் இது. 1987லிருந்து, கொரோனா ஆண்டு நீங்கலாக, எங்கள் ஊரில்தான் நடக்கிறது. ஏப்ரல் கடைசியில் 'டிராஃப்ட்'. 32 தொழில்முறை அணிகள் ஏழு சுற்றுகளில் ஆள் எடுக்கும். போன பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு.

இவர்களில் என் கண் போவது டிஃபென்சிவ் லைன்மேன்கள் மேல். எதிரணியின் தடுப்பை முட்டி உடைப்பது இவர்கள் வேலை. பந்தை வீசவேண்டிய குவார்ட்டர்பேக்கை வீசுமுன்பே சாய்த்தால் அது 'சாக்'. பேரும் பணமும் அதில்தான்.

சோதனையில் முதலில் உயரம், எடை. பிறகு தோள்முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை நாடா பிடிப்பார்கள். கை நீண்டவன் எதிராளியின் மார்பில் முதலில் கை வைப்பான். முதலில் வைத்தவன் தள்ளுவான் என்பது கணக்கு. 102 கிலோ பாரத்தை மல்லாந்து படுத்து எத்தனை முறை தூக்குகிறான், 40 கெஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான் என்பதெல்லாம் அடுத்து. விவரம் தெரிந்தவர்கள் அதில் முதல் 10 கெஜத்தை மட்டும் குறித்துக்கொள்வார்கள். ஆட்டத்தில் இவன் ஓடப்போவது அவ்வளவுதான். சுழி பார்த்து, பல் பிடித்து மாடு வாங்குகிற சந்தை மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் தப்பில்லை. இங்கேயும் அந்தப் பேச்சு உண்டு.

இத்தனை அளந்தும் ஏமாந்த கதைகள் ஏராளம். 2008இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வெர்னான் கோல்ஸ்டன் அந்தப் பாரத்தை 37 முறை தூக்கினார். கல்லூரியில் கடைசிப் பருவத்தில் 14 சாக். ஜெட்ஸ் அணி ஆறாவது ஆளாக எடுத்தது. தொழில்முறையில் அவர் எடுத்த சாக் பூஜ்யம். 2003இல் டெரல் சக்ஸ் ஓட்டத்தில் சுணங்கினார். பத்தாவது இடத்தில் எடுத்த ரேவன்ஸ் அணிக்கு யோகம். அவர் ஓய்வு பெற்றபோது கணக்கில் 139 சாக்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் டேவிஸ் ஆடிய 2021 பருவத்துப் படங்களைப் போட்டுப் பாருங்கள். ஆறடி ஆறங்குலம், ஏறக்குறைய 155 கிலோ. பந்து நகர்ந்ததும் இரண்டு பேர் சேர்ந்து இவரை இடிக்கிறார்கள். இவர் முழங்காலை மடித்து இடுப்பைத் தாழ்த்தி அசையாமல் நிற்கிறார். ஆளில்லாமல் திறந்த பக்கத்தில் பின்னாலிருந்து இன்னொருவர் பாய்ந்து பந்துக்காரனைச் சாய்க்கிறார். மறுநாள் பேப்பரில் அவர் பெயர்தான் வரும். அந்தப் பருவம் முழுக்க டேவிஸுக்கு இரண்டே சாக். ஆனால் அதே ஜார்ஜியா தடுப்பாட்டக் குழுவிலிருந்து 2022 டிராஃப்டின் முதல் சுற்றில் ஐந்து பேர் போனார்கள். 40 கெஜத்தை 4.78 நொடியில் ஓடிய டேவிஸை ஈகிள்ஸ் அணி 13ஆவதாக எடுத்தது. நீண்ட நேரம் ஆடினால் மூச்சு வாங்குவாரோ என்ற சந்தேகம் மட்டும் அப்போது இருந்தது.

2025 பிப்ரவரியில் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல். டேவிஸின் ஈகிள்ஸ் பின்னாலிருந்து கூடுதல் ஆள் அனுப்பாமல், முன்வரிசையின் பலத்திலேயே எதிரணிக் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்து 40-22 என்று ஜெயித்தது. அன்று இரண்டரை சாக் எடுத்த ஜாஷ் ஸ்வெட் 2018இல் நான்காம் சுற்றில் வந்தவர். இரண்டு சாக் எடுத்த மில்டன் வில்லியம்ஸ் மூன்றாம் சுற்று. முதல் சுற்றில் மற்ற அணிகள் தேடியது வேறு யாரையோ!

நாடாவையும் கடிகாரத்தையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒருவனுக்கு உடம்பு இருக்கிறதா என்று அவை சொல்லும். அந்த உடம்பை வைத்து என்ன செய்வான் என்று சொல்லாது. சாக் கணக்கும் பாதிச் சேதிதான். ஆகவே ஏப்ரலில் டிராஃப்ட் பட்டியல் உங்கள் கண்ணில் பட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவனைத் தடுக்க எத்தனை பேர் தேவைப்பட்டார்கள்? இரண்டு பேர் என்று பதில் வந்தால், தயங்காமல் எடுக்கலாம்.