பங்கு பிரித்தல்

வாழைக்கன்றைப் பெயர்த்து அடுத்த வீட்டாருக்குக் கொடுக்க எவரும் தயங்குவதில்லை. மஞ்சளும் கருணையும் அவ்வாறே. துண்டில் ஒரு முளை இருந்தால் போதும். மற்றதை மண் பார்த்துக்கொள்ளும். மண்ணில் வளர்வதைப் பங்கிட்டுப் பழகிய கைகளுக்கு, மண்ணே வேண்டாத ஆர்க்கிட் செடி ஒரு புதிராகவே இருந்தது. மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு காற்றையும் மழையையும் நம்பி வாழும் அச்செடியைத் தவறாகப் பிரித்தால், அது உடனே பட்டுப்போவதில்லை. உயிரோடு இருந்துகொண்டே பல ஆண்டுகள் பூக்க மறுத்துவிடும்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் லயத்து வாசல்தோறும் தொங்கியது விலையுயர்ந்த சாதியன்று. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் தானே தொற்றி வளரும் புறா ஆர்க்கிட்தான் அது. வெண்பூவின் தோற்றம் பறக்கும் புறாவை ஒத்திருப்பதால் மலாய்க்காரரும் அதனை 'அங்கெரிக் மெர்பாத்தி' என்றே வழங்குவர். தாவர நூலார் இட்ட பெயர் டென்ட்ரோபியம் குருமெனாட்டம். வெயிலுக்குப் பின் பெருமழை கொட்டிக் காற்று திடுமெனக் குளிர்ந்தால், ஏறத்தாழ ஒன்பதாம் நாள் அவ்வட்டாரத்துப் புறாச் செடிகள் அனைத்தும் ஒரே காலையில் மலர்ந்துவிடும். பூவின் ஆயுள் ஒரு பகல்தான். பிரட்டுக்குப் புறப்படும் இருட்டிலேயே அதன் மணம் எதிர்கொள்ளும். மாலையில் பூ துவண்டு கிடக்கும்.

சிலியாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருவர் இருந்தார். மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்தபோது, கிளையோடு தரையில் விழுந்த செடி ஒன்றை எடுத்துவந்து, தேங்காய் மட்டையில் கட்டி வாசலில் தொங்கவிட்டவர் அவர். பின்னர்த் தோட்டம் வீடமைப்புக்கு விலைபோயிற்று. ஓராண்டுக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று ஓலை வந்தது. பிள்ளைகள் மூவர்: மூத்தவன் நீலாயில், மகள் போர்ட்டிக்சனில், இளையவன் சிரம்பானில். சட்டி பானைகளுக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை. செடியை மட்டும் மூவரும் கேட்டனர்.

புறா ஆர்க்கிட்டின் தண்டுகள் தனித்தனியே நிற்பவைபோலத் தோன்றினாலும், அடியில் ஊர்ந்து செல்லும் ஒரு கிடைத்தண்டு அவற்றை வரிசையாகக் கோத்திருக்கும். ஒரு முனையில் புதுத்தளிர். மறுமுனையில் இலையுதிர்ந்த முதிய தண்டுகள். பார்வைக்கு வறண்ட அம்முதிய தண்டுகளே நீரையும் உணவையும் சேமித்து வைத்துப் புதுத்தளிருக்கு ஊட்டுகின்றன. ஆதலால் ஒரு பங்குக்கு மூன்று நான்கு தண்டுகளாவது வேண்டும். மட்டையில் இருந்தவை பதினொன்று. மூன்று பங்குக்குச் சரியாக இருந்தது. பேரப்பிள்ளைகளும் கேட்டிருந்தால் மூதாட்டி மறுத்திருப்பார்.

வெட்டு என்பது அவருக்குப் புதிதன்று. பால்மரத்துப் பட்டையில் கத்தி ஆழ இறங்கினால் உள்ளிருக்கும் வளர்படலம் காயம்பட்டு மரம் முண்டு முண்டாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்டுவதே நல்ல வெட்டாளியின் கைத்திறன். ஓலை வந்த மாதமே, மெல்லிய கத்தி ஒன்றைத் தீயில் காட்டி, கிடைத்தண்டை இரண்டு இடங்களில் அறுத்தார். (கத்தியைச் சுடாமல் செடிக்குச் செடி வெட்டினால் நச்சுயிரி நோய் பரவும். நூலில் படித்து அவர் அறிந்ததன்று; கை அறிந்தது.) அறுவாயில் அடுப்புக்கரித் தூளை அப்பினார். அப்புறம் ஒன்றுமே செய்யவில்லை. மூன்று துண்டுகளும் அதே மட்டையில், அதே வாசலில் தொங்கின.

விடுமுறைக்கு வந்திருந்த பேரன் கேட்டான்: "ஏன் பாட்டி, வெட்டிட்டு அப்படியே விட்டுட்டீங்க?"

"வெட்டுனது அதுக்குத் தெரியட்டும்டா. அப்பத்தான் தனக்குன்னு வேர் விடும்."

முன்துண்டில் தளிர் இருந்தது. நடுத்துண்டும் பின்துண்டும் அதுவரை அதன் நிழலில் உறங்கியவை. இணைப்பு அறுந்ததும் அவற்றின் அடியில் உள்ள மொட்டுகள் விழித்துக்கொள்ள வேண்டும்; அதற்கு மாதங்கள் ஆகும். வேர்கள் பழைய இடத்தைப் பற்றியிருக்கும்போதே அந்த விழிப்பு நேர்வது நல்லது. அறுத்த நாளிலேயே பிய்த்து வேறு மட்டையில் கட்டினால், செடிக்கு ஒரே நாளில் இரண்டு இழப்பு.

மலாயாவில் 1951 முதல் 1960 வரை தோட்டங்கள் துண்டாடப்பட்டதை உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அளவுச்சங்கிலி ஓடிய இடங்களில் வேலையும் வீடும் சேர்ந்தே போயின. அவ்வேளையில், 1960இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை முழுதாக வாங்க முனைந்தார். அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியவர்களுள் மூதாட்டியின் கணவரும் ஒருவர். ஆனால் அவர்கள் குடியிருந்த தோட்டம் அச்சங்கத்தின் கைக்கு வரவில்லை.

மழை தொடங்கியபின் நடுத்துண்டில் தளிர் கண்டது. பின்துண்டு மேலும் இரண்டு மாதம் காக்க வைத்தது. தளிரின் அடியில் பச்சை நுனியோடு வேர் எட்டிப்பார்த்த வாரத்தில், வீட்டைக் காலி செய்ய இருபது நாள் இருக்கையில், மட்டை பிரிந்தது. முன்துண்டு தனக்கே என்று மூத்தவன் எண்ணியிருந்தான். மூதாட்டியோ அதைச் செடி வளர்த்தறியாத மகளுக்குக் கொடுத்தார், நடுத்துண்டு மூத்தவனுக்கு. மூத்தவன் முகம் கோணியது உண்மை. மெலிந்த பின்துண்டை, தாம் குடியேறவிருந்த சிரம்பான் வீட்டுக்கு அவரே மடியில் வைத்துக்கொண்டு போனார்.

மகள் வீட்டில் அடுத்த ஆண்டே பூத்தது. நீலாயில் அதற்கும் அடுத்த ஆண்டு. சிரம்பானில் நான்காம் ஆண்டுதான் இரண்டு பூக்கள் வந்தன. அதன்பின் மாலையில் இடி முழங்கி மழை கொட்டினால் மூதாட்டி நாட்காட்டியில் ஒரு கோடு இழுத்து வைப்பார். மறுநாள் மகள் தொலைபேசியில் அழைத்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்பார்: "அங்கயும் நேத்து மழையா?"