பாகூரில் ஒரு மீன் ஆணம்

வில்லியனூரில் பேருந்து ஏறிப் பாகூரில் இறங்குவது எனக்குப் பல்லாண்டுப் பழக்கம். என் மூத்த சகோதரி, நாங்கள் லாத்தா என்று அழைப்பவர், அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். மதரஸா விடுமுறை நாள்களில் அவரைப் பார்த்து வராவிட்டால் எனக்கு விடுமுறையே நிறைவடைவதில்லை. இம்முறை நான் போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவர் சமைக்கும் ஒரு மீன் ஆணத்தின் பக்குவத்தை நம் இல்லங்களுக்காக எழுதி வர வேண்டும் என்பதே அது.

வில்லியனூர் மூன்று சமயத்தாரும் நெருங்கி வாழும் ஊர். திருக்காமீசுவரர் கோயில் ஒருபுறம். லூர்து அன்னை ஆலயம் மற்றொருபுறம். நம்மவர் மிகுதியாக வாழும் சுல்தான்பேட்டை இன்னொருபுறம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து கோயில் தேரின் வடத்தைத் தொட்டு இழுத்துத் தொடங்கி வைத்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வழியாகத் தொடர்கிறது. இவ்வூரைத் தழுவிச் செல்லும் சங்கராபரணி ஆற்றைப் பிரிந்து தெற்கே செல்லச் செல்ல, இருபுறமும் நெல் வயல்களும் கரும்புத் தோட்டங்களும் விரியும்.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பர். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே வரும் நீர், பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி இதுவே. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. கற்பவனின் வயிற்றையும் எண்ணிப் பார்த்த அக்காலத்தாரை, ஆசிரியன் என்ற முறையில் நான் மதிப்போடு நினைத்துக்கொள்வேன்.

இனி ஆணத்திற்கு வருவோம். லாத்தாவின் மகன் வெளிநாட்டில் ஓர் உணவு விடுதியின் சமையற்கூடத்தில் பணிபுரிகிறார். அவர்தாம் ‘சவுடர்’ என்ற கெட்டியான மீன் சூப்பைப் பற்றித் தொலைபேசியில் தாயாருக்குச் சொன்னவர். அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் புகழ்பெற்ற உணவு அது. மீன் அல்லது சிப்பி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் ஆகியவை அதில் சேரும். கொப்பரையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது எனக் கருதுவோர் உண்டு. பிரான்சின் மார்செய் நகர மீனவர்களின் ‘புயாபேஸ்’, யாழ்ப்பாணத்தாரின் ஒடியற் கூழ் ஆகியவையும் இதற்கு உறவினரே. கடலிலிருந்து வந்ததை ஒரே பாத்திரத்தில் இட்டுப் பலரும் பசியாறுவது இவற்றுக்கெல்லாம் பொதுவான இயல்பு.

ஆனால் சவுடரின் பழைய முறையில் உப்பிட்ட பன்றி இறைச்சி சேரும். அது நமக்கு ஹராம். லாத்தா அதை விலக்கி, நெய்யில் வதக்கிய சின்ன வெங்காயத்தைச் சேர்த்தார். “மீனோடு பசும்பால் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை, தம்பி” என்று தேங்காய்ப்பாலுக்கு மாறினார். சிப்பி, கணவாய் ஆகியவற்றையும் தவிர்த்தார். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். அவர் புகுந்த வீட்டார் ஹனஃபீ மத்ஹபினர். ஹனஃபீ மத்ஹபில் நீர்வாழ் உயிர்களுள் மீன் மட்டுமே உண்ணத் தக்கது. இறாலை மீனாகக் கொள்ளலாமா என்பதிலும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. “ஒருவர் உண்ண, ஒருவர் தயங்க ஒரே சட்டியில் ஆக்குவானேன்?” என்பது லாத்தாவின் நியாயம்.

ஆறு பேருக்கான பக்குவம் இது. தலையுடன் ஒரு கிலோ கொடுவா அல்லது சங்கரா மீன் வாங்குங்கள். செவுளை முற்றிலும் நீக்குங்கள். இல்லாவிடில் சாறு கசக்கும். தலையையும் நடுமுள்ளையும் ஐந்து தம்ளர் நீரில், சிறிது மஞ்சளும் உப்பும் இட்டு, இருபது நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அகன்ற பாத்திரத்தில் இரண்டு கரண்டி நெய் ஊற்றி, இருபது சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, நான்கு பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை நிறம் மாறாமல் வதக்குங்கள். அரைக் கிலோ உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி இட்டு, மீன் சாற்றையும், ஒரு தேங்காயின் இரண்டாம் பாலையும் ஊற்றி வேகவிடுங்கள். வெந்த கிழங்கில் கால் பங்கை அகப்பையால் மசித்துவிட்டால் ஆணம் தானே கெட்டிப்படும், மாவு வேண்டுவதில்லை. பின்பு மீன் துண்டுகளை இட்டு ஏழு நிமிடம் கிளறாமல் வையுங்கள். ஒரு தேக்கரண்டி மிளகுத் தூளும் முதற்பாலும் சேர்த்து, கொதி வருமுன் இறக்குங்கள். முதற்பால் கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறும் மல்லித்தழையும் இறக்கிய பின்னரே. காய்ச்சல் கண்டு எழுந்தவருக்கும், பல் இழந்த முதியவருக்கும் ஏற்ற உணவு இது.

இந்த ஆணத்தின் மதிப்பை நான் உணர்ந்தது 2024 டிசம்பரில். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட வெள்ளம் தென்பெண்ணையில் பெருகி, டிசம்பர் 2 அன்று பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. லாத்தாவின் வீடு தாழ்வான தெருவில் இருக்கிறது. இடுப்பளவு நீர் புகுந்தது. நடக்க இயலாத அவருடைய மாமியாரைத் தோளில் சுமந்து தம் வீட்டு மெத்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அடுத்த வீட்டு இளைஞர்.

அந்த வீட்டாருடன் லாத்தா குடும்பத்தாருக்கு ஈராண்டுகளாகப் பேச்சில்லை. இரு வீட்டுக்கும் நடுவே ஓடும் கழிவுநீர்க் கால்வாயை மறித்துச் சுவர் எழுப்பியது யார் என்பதே வழக்கு. வெள்ளத்தின்போது வழக்கை நினைக்க எவருக்கும் நேரமில்லை. நீர் வடிந்ததும் பழைய கூச்சம் இரு பக்கத்திலும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. நன்றி சொல்லவும் நா எழவில்லை.

சில நாள் கழித்து, படகுகள் மீண்டும் கடலுக்குச் சென்றன. மூர்த்திக்குப்பம் புதுக்குப்பத்திலிருந்து மீன்காரம்மா கூடையோடு வந்தார். லாத்தா ஒரு கிலோ கொடுவா வாங்கினார். பின்பு சுவரோரம் சென்று, அடுத்த வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “கார்த்திகை மாதமாயிற்றே, உங்கள் வீட்டில் யாரும் மாலை போட்டிருக்கிறார்களா?”

“இல்லை பாயம்மா, இந்த வருடம் யாரும் போடவில்லை” என்று பதில் வந்தது.

சட்டியில் இரண்டு தம்ளர் நீர் கூடியது. நான்கு உருளைக்கிழங்கும் கூடின. ஆறு பேருக்கான ஆணம் பதினொரு பேருக்கு ஆயிற்று. நான் அருகிலிருந்து, “நீர் கூடினால் ருசி குறையாதா?” என்றேன். “முள்ளுச் சாறு இருக்கும் வரை குறையாது. மசிக்கும் கிழங்கைக் கூட்டிக்கொண்டால் போதும்” என்றார்.

ஆணம் சமைத்தால் அதில் நீரை அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூலான ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அதை நான் மாணவர்களுக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். கொடுக்க முடியாத ஏழைக்குச் சொன்ன எளிய வழி என்றே விளக்கி வந்தேன். பாகூர் அடுப்படியில்தான் அதன் மற்றொரு பொருள் எனக்கு விளங்கியது. மனத்தில் தடை உள்ளவனுக்கும் அது வழி சொல்கிறது. மன்னிப்பென்றும் நன்றியென்றும் சொல்ல வாய் வராதபோது, இரண்டு தம்ளர் நீரை மட்டும் கூட்டிவிடலாம் அல்லவா?

மறுநாள் பாத்திரம் திரும்பி வந்தது. நம் ஊர் வழக்கப்படி அது வெறுமையாக வரவில்லை. வெள்ளத்திற்குத் தப்பிய கொல்லை மரத்து முருங்கைக்காய்கள் அதில் இருந்தன. சுவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. ஆனால் இம்முறை நான் சென்றபோது, கால்வாய் போகும் இடத்தில் நான்கு செங்கற்கள் எடுக்கப்பட்டு, நீர் தடையின்றி ஓடக் கண்டேன். எடுத்தது யார் என்று கேட்டேன். லாத்தா சிரித்தாரேயன்றிச் சொல்லவில்லை.

சகோதரிகளே! இன்ஷா அல்லாஹ், உங்கள் வீட்டில் இந்த ஆணத்தைச் சமைக்கும் நாளில், மீனை அளந்த பின் அடுத்த வீட்டையும் எண்ணிப் பார்த்து நீரை அளந்து ஊற்றுங்கள்.