தவணையைக் கேளாதிருங்கள், மொத்தத்தைக் கேளுங்கள்



பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுப் பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் குடியேறிய நம்முடைய குடும்பங்களில், வீட்டிற்கு அடுத்தபடியாக வாங்கப்படும் பெரிய பொருள் பெரும்பாலும் காராகவே இருக்கிறது. இரண்டு பிள்ளைகள், வயது சென்ற தாயார், விடுமுறையில் ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகள் ஆகிய எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிறவர்கள், பின்புறம் தனி டிக்கியுள்ள செடான் காரையே நாடுகிறார்கள். பெங்களூரில் நான் பணி செய்துவரும் இத்தனை ஆண்டுகளில், புதிய வண்டிக்காக ஜெபிக்க அழைக்கப்பட்டது பலமுறை. ஆனால் அண்மைக் காலத்தில், "ஐயா, வாங்கும்போதே நீங்களும் ஷோரூமுக்கு வாருங்கள், இரண்டு வார்த்தை பேசி விலையைக் குறைத்துக் கொடுங்கள்" என்று அழைக்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். அவ்விதம் சென்ற இடங்களில் நான் அறிந்துகொண்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: பேரம் ஷோரூமில் தொடங்குவதில்லை, அது நம் வீட்டுக் கூடத்தில் தொடங்குகிறது.

2025 நவம்பரில், பீனியாவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராயிருக்கும் சகோதரர் ஒருவரோடும் அவருடைய மனைவியோடும் சென்றிருந்தேன். முன்பணம் போக ஆறு லட்சம் ரூபாய் கடன் வாங்குவது அவர்களுடைய எண்ணம். விற்பனைப் பிரிவிலிருந்த இளைஞர் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, முதலாவது கேட்ட கேள்வி இதுதான்: "சார், மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" சகோதரர் சற்றும் யோசியாமல், "பதின்மூன்றாயிரம்" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து காரின் விலையைப் பற்றிய பேச்சே நின்றுபோயிற்று. எல்லாம் பதின்மூன்றாயிரத்தைச் சுற்றியே நடந்தது. "அதே தவணையில் டாப் மாடலே வரும் சார், மேற்கூரைக் கண்ணாடியெல்லாம் இருக்கும். ஐந்து வருஷத்தை ஏழு வருஷமாக மாற்றினால் போதும்" என்றார் அந்த இளைஞர்.

இதிலுள்ள கணக்கைக் கவனியுங்கள். மாதம் 13,000 ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு 7,80,000 ரூபாய். அதே தவணை ஏழு ஆண்டுகளுக்கு 10,92,000 ரூபாய். மாதத் தவணை ஒரு ரூபாயும் கூடவில்லை, கையைவிட்டுப் போவதோ 3,12,000 ரூபாய் அதிகம். அந்தக் குடும்பத்தில் மூத்த மகள் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்த மூன்று லட்சம் எங்கிருந்து எடுக்கப்படும் என்பதை அந்தத் தாயார் உடனே புரிந்துகொண்டார். "நாளைக்கு வருகிறோம் தம்பி" என்று சொல்லி எழுந்தவர் அவரே.

வட்டியைக் குறித்தும் ஒரு வார்த்தை. "6 விழுக்காடுதான்" என்று சொல்லப்பட்டால், அது பிளாட் வட்டியா, குறைந்துவரும் நிலுவைக்கு வட்டியா என்று கேளுங்கள். ஆறு லட்சத்திற்கு 6 விழுக்காடு பிளாட் வட்டி என்றால் ஆண்டுக்கு 36,000, ஐந்து ஆண்டுகளுக்கு 1,80,000 ரூபாய். நாம் மாதந்தோறும் அசலைத் திருப்பிக் கட்டிவந்தாலும், முழு ஆறு லட்சத்திற்கும் கடைசிவரை வட்டி கணக்கிடப்படுகிறது. குறைந்துவரும் நிலுவையில் பார்த்தால் அது ஏறக்குறைய 11 விழுக்காட்டிற்குச் சமம். ஆகவே ஷோரூம் வாசலை மிதிக்குமுன் இரண்டு வங்கிகளில் விசாரித்து வையுங்கள். முன்கூட்டியே கடனை அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள்.

அன்றிரவு அந்தக் குடும்பத்தார் மூவரும் உட்கார்ந்து, கல்லூரிக் கட்டணம், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம், வீட்டு வாடகை ஆகியவற்றை எழுதிக் கழித்தபின், காருக்கென்று ஒரு மொத்தத் தொகையைக் குறித்தார்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்று தீர்மானித்தார்கள். மறுநாள் நாங்கள் சென்றபோது அந்தச் சகோதரி கேட்டது ஒன்றே: "தம்பி, தவணை வேண்டாம். வண்டி சாலையில் ஓடும் வரைக்கும் ஆகிற மொத்த விலையை, ஒவ்வொரு வரியாக எழுதிக் கொடுங்கள்." இன்னொரு ஷோரூமிலும் அதே மாடலுக்கு அவ்விதமே எழுதி வாங்கினார்.

இப்படி எழுதி வாங்கிய தாளில் இரண்டு வகை வரிகள் இருக்கும். சில அசையாதவை. ஜி.எஸ்.டி. அவற்றில் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்திற்கும் 1,200 சி.சி.க்கும் மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு வரி 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதைவிடப் பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு. டிசையர், அமேஸ், ஆரா, டிகோர் போன்ற செடான்கள் நான்கு மீட்டருக்குள் சுருக்கப்பட்டிருப்பதன் காரணம் இவ்வகை வரிச்சலுகையே. 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்குச் சலுகை தரப்பட்டதிலிருந்து இவ்வழக்கம் வேரூன்றியது. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அவ்வாறே அரசுக்குச் செல்பவை. இவற்றில் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மற்ற வரிகளோ அசையக்கூடியவை. "ஹாண்ட்லிங் சார்ஜ்" என்பது அரசு விதித்த வரியன்று. எந்த விதியின்படி என்று அமைதியாகக் கேட்டால் அது பல இடங்களில் மறைந்துபோகிறது. இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்கப்பட வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் நடைமுறை. நம் வண்டியின் சேதத்திற்கான காப்பீட்டை ஓராண்டிற்கு எடுத்தால் போதும். அதே காப்பீட்டுத் தொகைக்கு, அதே அம்சங்களோடு வெளியில் விலை கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். சீட் கவர், மிதியடி, பூச்சுப் பாதுகாப்பு என்று சேர்க்கப்படும் ஆக்சஸரீஸ் பட்டியலில் வேண்டாதவற்றை அடித்துவிடுங்கள். பணி செய்யும் நிறுவனத்தின் பேரில் கார்ப்பரேட் டிஸ்கவுண்ட் உண்டா என்று நீங்களே கேளுங்கள்.

வண்டி எந்த மாதம் தயாரிக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். ஜனவரியில் வாங்கும் கார் சென்ற ஆண்டில் தயாரிக்கப்பட்டதாயிருக்கலாம். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் பதிவாகிறபடியால், பிற்காலத்தில் விற்கும்போது ஓராண்டு பழையதாகவே மதிப்பிடப்படும். அத்தகைய வண்டியை வாங்குவது தவறன்று, தகுந்த தள்ளுபடி இல்லாமல் வாங்குவதே நஷ்டம். பதிவு செய்யுமுன் வண்டியை நேரில் பார்த்து, சேஸிஸ் எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பதிவு முடிந்தபின் மாற்றிக் கேட்பது அரிது.

நம்மவர்களுக்கென்றே ஒரு சோதனையும் உண்டு. "ஓசூரில் உங்கள் மாமா வீட்டு விலாசத்தில் பதிவு செய்யுங்கள், வரி குறையும்" என்று ஆலோசனை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி வழக்கமாக எங்கே வைக்கப்படுகிறதோ அந்த மாநிலத்திலுள்ள அலுவலகத்திலேயே பதிவு செய்யவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்லுகிறது. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. அடிக்கடி மாநிலம் மாற்றப்படும் அரசு ஊழியருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியருக்கும் 2021 செப்டம்பர் முதல் பி.எச். வரிசைப் பதிவு உண்டு. நேரான வழி இருக்கும்போது பொய் விலாசம் எதற்கு?

பேரத்தில் வாயின் வார்த்தைகளையும் காத்துக்கொள்ளுங்கள். பொருளை இகழ்ந்து விலையைக் குறைத்துவிட்டு, வெளியே போய்ப் பெருமை பேசுகிற மனிதனை நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரம் நமக்குக் காட்டுகிறது. "அடுத்த ஷோரூமில் ஐம்பதாயிரம் குறைவு" என்று இல்லாததைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சகோதரி இரண்டாம் ஷோரூமின் தாளையே மேசையின்மேல் வைத்தார். "தம்பி, உங்களுக்கும் மாதக் கடைசியில் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். எங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தத் தொகைக்குள் வந்தால் இன்றைக்கே எடுத்துக்கொள்கிறோம். வராவிட்டால் உங்கள்மேல் வருத்தமில்லை" என்றார். அந்த இளைஞர் ஹாசனிலிருந்து வேலைக்காக வந்தவர். சிறிது நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "இருங்க அக்கா" என்று மேலாளரிடம் சென்றார். திரும்பி வந்தபோது ஹாண்ட்லிங் சார்ஜ் நீக்கப்பட்டிருந்தது, ஆக்சஸரீஸ் பாதியாயிருந்தது, தள்ளுபடியில் பத்தாயிரம் கூடியிருந்தது. இன்சூரன்ஸை வெளியில் எடுக்கவும் இசைந்தார். எல்லாம் சேர்ந்து நாற்பத்து மூவாயிரம் ரூபாய் குறைந்தது. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

மேற்கூரைக் கண்ணாடியில்லாத நடுத்தர மாடலே அந்த வீட்டிற்கு வந்தது. டிசம்பரில் மகளின் கல்லூரிக் கட்டணம் கடன் வாங்காமல் கட்டப்பட்டது. அன்பானவர்களே, காரின் சாவியைக் கையில் வாங்குமுன், அந்தச் சகோதரியைப் போல நீங்களும் ஒரு தாளை எடுத்து உங்கள் வீட்டாரோடு உட்காருங்கள். அதில் முதலாவது எழுதவேண்டியது காரின் பெயரன்று, உங்கள் வீட்டின் செலவுகளே.