மேசை இழுப்பறையில் மாத்திரை வேண்டாம்

கண்ணு, பணி ஆணை கைக்கு வந்ததும் பாடம் நடத்துவது பற்றித்தான் என்னிடம் கேட்டாய். அது பிள்ளைகளோடு நின்று நின்று உனக்கே வந்துவிடும். 34 வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தும் நான் தாமதமாகக் கற்ற ஒன்றைச் சொல்கிறேன்: பிள்ளைக்கு மருந்து கொடுப்பது.

என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு அட்டை பாராசிட்டமால் கிடக்கும். ஒருநாள் நான்காம் வகுப்புப் பையன் உடம்பு கொதிக்க வந்து நின்றான். பத்தரை மணிக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி கொடுத்தேன். எட்டரைக்கே அவன் அம்மா சிரப் ஊற்றி அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது. நான் கொடுத்தது தெரியாமல் பக்கத்து வகுப்பு டீச்சர் பன்னிரண்டு மணிக்கு இன்னொரு பாதி கொடுத்துவிட்டார். பையன் வாந்தி எடுத்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "கடைசியா எப்போ கொடுத்தீங்க? எவ்வளவு?" என்று டாக்டர் கேட்டார். மருந்து கொடுத்த மூன்று பேரும் நின்றோம். ஒருவருக்கும் முழுப் பதில் தெரியவில்லை. பாராசிட்டமாலைப் பிள்ளையின் எடைக்கு ஏற்பத்தான் தர வேண்டும், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று அன்றுதான் கேட்டறிந்தேன். நல்லவேளை, மொத்த அளவு எல்லை மீறவில்லை. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுநாள் இழுப்பறையைக் காலி செய்தேன். ஒரு 80 பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். பிள்ளையின் பெயர், மருந்து, அளவு, மணி, கொடுத்தவர் கையெழுத்து. டாக்டர் சீட்டும் பெற்றோர் எழுதித் தந்த கடிதமும் இல்லாமல் எதுவும் கொடுப்பதில்லை. சில அம்மாக்கள் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துப் பென்சில் டப்பாவில் வைத்து அனுப்புவார்கள். வெள்ளை மாத்திரை எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். அப்படி அனுப்பும் தாயைக் கடிந்துகொள்ளாதே. கடையில் கொடுத்த அட்டையோடே அனுப்பச் சொல், போதும். சிரப்புக்கு அதனோடு வரும் அளவு மூடிதான். சத்துணவுக்கூடத்துக் கரண்டியில் ஊற்றாதே.

வியாழக்கிழமை பள்ளியில் எல்லாருக்கும் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் அதே கவனத்தோடு கொடு. மதியச் சோறு சாப்பிட்ட பிறகு, உன் கண்முன்னே விழுங்க வேண்டும். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு; சொல்லாவிட்டால் அடுத்த வாரம் பாதிப் பேர் ஜன்னல் வழியே எறிந்துவிடுவார்கள். குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோலை மென்று தின்ன வைக்க வேண்டும். காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்கு அன்று கொடுக்காதே.

இவ்வளவு சொன்னேன் என்று எல்லாவற்றையும் பீரோவில் பூட்டிவிடாதே. மூச்சிரைப்புள்ள பிள்ளையின் நீல இன்ஹேலர் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சாவியைத் தேடும் நேரம் அவனிடம் இல்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். டைப் 1 சர்க்கரை நோய். பாட நேரத்தில் வியர்த்து, கை நடுங்கி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னவளைத் தூங்குகிறாய் என்று எழுப்பி நிற்க வைத்துவிட்டார் ஒரு ஆசிரியர். சர்க்கரை இறங்கியிருந்தது. இப்படி ஆனால், பிள்ளைக்கு நினைவிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடு. கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடு. சர்க்கரை இறங்கிய பிள்ளையைத் தனியாக ஆசிரியர் அறைக்கு நடக்கவும் விடாதே. வகுப்பில் சாப்பிடவும், ஊசி போட்டுக்கொள்ளவும் டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளை அனுமதிக்க வேண்டும் என்று 2023-இல் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையமே எழுதியது. நான் சொல்வது அதற்கு வெகு முந்தைய காலம்.

அந்தப் பெண் இன்சுலினை எங்கே போட்டுக்கொள்கிறாள் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. கழிவறையில், கதவைச் சாத்திக்கொண்டு. மற்ற பிள்ளைகள் பார்த்தால் ஒதுக்கிவிடுவார்களாம். அந்த நாற்றத்தில் நின்று ஒரு குழந்தை தன் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டிருந்திருக்கிறாள், நான் இருபதடி தூரத்தில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் அறை மூலையில் ஈர மணல் போட்டு ஒரு சின்ன மண்பானை வைத்தேன், மருந்து வெயிலில் கெடாமலிருக்க. மதியச் சோற்று மணிக்கு முன் வருவாள். கை கழுவுவாள். முதல் வாரம் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். அப்புறம் தன் தோழியையும் கூட்டி வந்தாள். தோழி கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்ல, நான் நோட்டில் எழுதினேன்.