தம்பிக்கு ஏற்ற தவளை எது?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளக்கிறார்" என்று நம் பெரியோர்கள் கூறுவார்கள். ஆனால் அந்தத் தேரையை வீட்டுக்குள் கொண்டுவந்து வளர்க்க நினைத்தால், படியளக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. சிறு பிள்ளைக்கு வளர்ப்புப் பிராணி வாங்கித் தர எண்ணும் பெற்றோர் முதலில் சிந்திக்க வேண்டியது இதுதான்.

என் தம்பிக்கு ஐந்து வயது. சென்ற ஆண்டு அவன் ஆசையாக வளர்த்த இரண்டு தங்கமீன்களும் ஒரே வாரத்தில் இறந்துவிட்டன. மூன்று நாட்கள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. "இனி இந்த வீட்டில் எது வந்தாலும் சாகக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். நாய்க்கும் பூனைக்கும் ஆயா இடம் தரவில்லை. இந்த நிலையில்தான் தம்பி, "எனக்குத் தவளை வேண்டும்" என்று அடம்பிடித்தான். அலைபேசியில் பார்த்த ஆக்சலாட்டில் என்னும் பிராணிதான் அவன் மனத்தில் இருந்தது. எதை வாங்கலாம் என்று விசாரித்துச் சொல்லும்படி அப்பா என்னிடம் கூறினார்கள்.

ஆக்சலாட்டிலின் சொந்த ஊர் மெக்சிகோ நாட்டின் சொச்சிமில்கோ நீர்நிலைகள். நம் தலைப்பிரட்டை வளர்ந்து தவளையாகிறது. ஆக்சலாட்டிலோ வாழ்நாள் முழுவதும் செவுள்களோடு நீரிலேயே இருந்துவிடுகிறது. கால் துண்டானாலும் மீண்டும் முளைக்கும். பார்க்கச் சிரித்த முகம். ஆனால் அதற்கு ஏறக்குறைய 16 முதல் 18 பாகை வரை குளிர்ந்த நீர் வேண்டும். நம் பகுதியிலோ சித்திரை, வைகாசியில் வெயில் 40 பாகையைத் தொடுகிறது. மின்சாரம் நின்றால் அதன் கதி என்ன? மேலும் 2022 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத் திருத்தத்தின்படி, இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆகவே அது வேண்டாம் என்று முடிவாயிற்று.

"அப்படியானால் வயலில் ஒன்றைப் பிடித்துத் தா, அக்கா" என்றான் தம்பி. ஐப்பசி மழை பெய்துவிட்டால் எங்கள் ஊரில் தவளைச் சத்தத்தில் தூங்க முடியாது. ஒன்றைப் பிடிப்பது எளிதுதான். எனினும் அதுவும் சரியன்று. ஒரு காலத்தில் நம் நாட்டு வயல் தவளைகளின் கால்கள் கப்பல் கப்பலாக வெளிநாடுகளுக்குச் சென்றன. பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் தவளைகள் குறைந்துவருவதை உணர்ந்த நம் அரசு 1987 ஆம் ஆண்டு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. கண்ணாடித் தொட்டியில் தவளையை அடைத்தாலோ, அதற்கு நாள்தோறும் உயிருள்ள பூச்சிகளைத் தேடித் தர வேண்டும். அசையாத இரையை அது பெரும்பாலும் தொடாது.

இங்கே தவளையின் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் பக்கத்தில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். மெருகு பூசிச் சுட்ட பீங்கான் சாடியில் நீர் ஊறாது. மெருகில்லாத மண்பானையில் ஊறும். பல்லியின் தோல் பீங்கான் போன்றது என்றால் தவளையின் தோல் மண்பானை போன்றது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. ஓரளவு மூச்சும் தோலாலேயே விடுகிறது. எனவே நம் கையிலுள்ள உப்பும் சோப்பும் பூச்சிமருந்தும் அதன் உடம்புக்குள் போய்விடும். குழந்தைகள் தூக்கிக் கொஞ்சுவதற்கு ஏற்ற பிராணி அது அல்ல.

அப்படியானால் தம்பிக்கு என்ன வழி? பிடித்து வராமல், தானே வரும்படி அழைப்பதுதான் வழி என்று எனக்குத் தோன்றியது.

இதற்கு ஏற்றது தேரை. சொறித்தவளை என்றும் சொல்வார்கள். ஈரமான நிழல் கிடைத்தால் வீட்டுத் தோட்டத்திலேயே தங்கிவிடும். தோட்டத்தின் கோடியில், வாழை மரத்தடியில், விளிம்பு உடைந்த மண்பானை ஒன்றைப் படுக்க வைத்துப் பாதியளவு புதைத்தோம். பீங்கானை விட மண்பானையே குளிர்ச்சி. பக்கத்தில் ஆழமில்லாத தட்டில் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றி, ஏறி இறங்கக் கூழாங்கற்கள் போட்டோம். அந்தப் பக்கம் பூச்சிமருந்தும் சோப்பு நீரும் போகாமல் பார்த்துக்கொண்டோம். செலவு ஒன்றும் இல்லை.

ஆயாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "தேரை பட்டால் மரு வரும்" என்றார்கள். மரு வருவது ஒருவகை வைரசால் என்று எடுத்துச் சொன்னேன். ஆனால் தேரையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பிகளில் நஞ்சு இருப்பது உண்மை. "தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும்" என்று ஆயா சொன்னதும் உண்மையே. ஆகையால் தம்பிக்கு மூன்று கட்டளைகள் விதித்தோம்: பெரியவர் ஒருவர் கைவிளக்குடன் துணை வராமல் போகக் கூடாது, பானைக்குள் கைவிடக் கூடாது, திரும்பியதும் கை கழுவ வேண்டும்.

பத்து நாட்கள் எதுவும் வரவில்லை. தம்பி தினமும் போய்ப் பார்த்து முகம் வாடித் திரும்புவான். பதினோராம் நாள் மழை. அன்று இரவு பானையின் வாயில் ஒரு தேரை தொந்தி சரிய உட்கார்ந்திருந்தது. ஒரு கரப்பானை நாக்கால் பிடித்து, கண்களை உள்ளே இழுத்து விழுங்கியது. விழுங்குவதற்குக் கண்களும் உதவுகின்றன என்று நான் சொன்னதும், தம்பி தானும் கண்களை இறுக மூடி எச்சிலை விழுங்கிப் பார்த்தான். "குண்டு" என்று பெயரும் வைத்தான்.

குண்டு எல்லா நாளும் வருவதில்லை. முதலில் வராத இரவில், "செத்துப்போச்சா, அக்கா?" என்று தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "இல்லை தம்பி, வேறு எங்கோ இரை தேடுகிறது. அது நமக்குச் சொந்தம் இல்லை, விருந்தாளி" என்றேன். நான்காம் நாள் அது திரும்பி வந்தது. இப்போது வராவிட்டால் அவன் அழுவதில்லை. "வெளியூர் போயிருக்கு" என்று ஆயாவுக்கு அவனே சொல்கிறான். தட்டில் தண்ணீர் ஊற்றுவதும் அவன்தான்.

எல்லா உயிர்களையும் சகோதரராகப் போற்றிய அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 ஆம் ஆண்டு அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிசு 2015 ஆம் ஆண்டு தம் சுற்றுமடலில் இந்த உலகை நம் பொதுவான இல்லம் என்று அழைத்தார். அந்த இல்லத்தில் தேரைக்கும் ஓர் அறை உண்டல்லவா?

அன்புத் தோழியரே! உங்கள் தம்பி தங்கையர் பிராணி கேட்டு அழுதால் கடைக்கு ஓடுவதற்கு முன் ஓர் உடைந்த பானையைத் தேடுங்கள். மழைக்காலம் வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். வரும் விருந்தாளியைத் தள்ளி நின்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.